அறைப் பெயருக்குக் கீழே தரை லெவல்: இந்த ஒரு வேலையில் ரெவிட் எப்படி?

கட்டடத்தை 3டி மாடலாக வரையும் மென்பொருளான ரெவிட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் வேகம், விலை, ஃபேமிலி (கதவு, ஜன்னல், டேக் போன்றவற்றின் வார்ப்பு), எல்லாவற்றையும் சேர்த்து மொத்தமாக எழுதிவிடுகிறார்கள். நான் ஒரே ஒரு வேலையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். பிளானில் ஒவ்வொரு அறையின் பெயர், எண், பரப்பளவு எழுதியிருக்கும் இடத்திலேயே அந்த அறையின் தரை எந்த லெவலில் இருக்கிறது என்பதும் வர வேண்டும். படுக்கையறை +0.450, குளியலறை +0.430, பால்கனி +0.400, இப்படி மீட்டரில். சைட்டில் நிற்கிறவர் ஒரு அறையிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது எத்தனை மில்லிமீட்டர் இறங்குகிறது என்று வேறு எந்த ஷீட்டையும் புரட்டாமல் தெரிந்துகொள்ள வேண்டும். கேட்பது இவ்வளவுதான். ஆனால் தினமும் ரெவிட்டில் உட்காருகிறவர்களுக்குத் தெரியும், இது அதில் நேராக வராது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மாடல் செய்வதற்கு நான் ரெவிட்டைத்தான் பரிந்துரைப்பேன், இந்த லேபிள் விஷயத்தில் மட்டும் அதற்குப் பாதி மதிப்பெண்தான். காரணம் டேக்கில் (ஒரு பொருளின் விவரத்தைப் பிளானில் தானாகக் காட்டும் லேபிள்) இல்லை, அதைவிட ஆழத்தில் இருக்கிறது. ரெவிட்டில் அறை என்பது சுவர்களுக்கு நடுவே இருக்கும் வெளி. அதற்கு ஒரு லெவல் (அந்த மாடியின் அடிப்படை உயரம்) உண்டு, மேல் எல்லைக்கு அப்பர் லிமிட், லிமிட் ஆஃப்செட், கீழ் எல்லைக்கு பேஸ் ஆஃப்செட் எல்லாம் உண்டு, பரப்பும் சுற்றளவும் தானாகக் கணக்காகும். ஃப்ளோர் ஃபினிஷ் என்று ஒரு கட்டம்கூட உண்டு, ஆனால் அதில் இருப்பது நாம் தட்டும் வெறும் எழுத்து. தரை வேறு ஒரு எலிமென்ட், அதாவது மாடலில் தனிப் பொருள். லெவலிலிருந்து எவ்வளவு ஏற்ற இறக்கம் என்பதும், மேல்பரப்பு எந்த உயரத்தில் இருக்கிறது என்பதும் அதன் பிராப்பர்ட்டியில் சரியாகவே இருக்கின்றன. ஆனால் அறைக்குத் தன் காலடியில் எந்தத் தரை இருக்கிறது என்று தெரியாது. ரூம் டேக் அறையின் விவரத்தை மட்டும்தான் படிக்கும், அதனால் தரையின் எண் அங்கே வர வழியே இல்லை. ரூம் ஷெட்யூலிலும் (அறைகளின் பட்டியல்) அதே கதைதான்.

இது முடியாத காரியம் என்றால் பேசாமல் இருந்துவிடலாம். கதவைப் பாருங்கள். ஒரு கதவுக்குத் தான் எந்த அறையிலிருந்து எந்த அறைக்குத் திறக்கிறது என்பது தெரியும், கதவு ஷெட்யூலில் ஃப்ரம் ரூம், டு ரூம் என்று போய் அந்த அறையின் பெயரையும் எண்ணையும் எடுத்து வரலாம், அறைப் பெயரை மாற்றினால் கதவுப் பட்டியலும் தானாக மாறிவிடும். அதாவது, ஒரு எலிமென்ட் இன்னொன்றின் விவரத்தைக் கேட்டு வாங்கும் ஏற்பாடு ரெவிட்டுக்குள் ஏற்கெனவே இருக்கிறது. அதைத் தரைக்கும் அறைக்கும் நடுவே கொடுக்கவில்லை. கட்டடத்தில் எல்லா அறைக்கும் தரை உண்டு, எல்லா அறைக்கும் லெவல் வேண்டும், அப்படியிருக்க இந்த ஒரு இணைப்பு விடுபட்டிருப்பது எனக்கு உண்மையாகவே வருத்தம்.

சரி, இருப்பதை வைத்து என்ன செய்யலாம்?

பலரும் முதலில் கை வைப்பது பேஸ் ஆஃப்செட்டில். குளியலறைத் தரை 20 மில்லிமீட்டர் கீழே என்றால் அறையின் பேஸ் ஆஃப்செட்டை −20 ஆக்கிவிட்டு அதையே லெவலாகக் காட்டிவிடலாம் என்று நினைக்கிறார்கள். வேண்டாம். அது அறையின் வடிவத்தையே தீர்மானிக்கிற எண், அதை மாற்றினால் அறையின் அடிப்பகுதி நகர்கிறது, கன அளவு மாறுகிறது, அந்தக் கன அளவை வைத்து ஏசிக்குக் கணக்குப் போடுகிறவருக்கு வேறு விடை வருகிறது. அது போக, நாளை யாராவது தரையை 50 மில்லிமீட்டர் இறக்கினால் பேஸ் ஆஃப்செட் அசையாது, பழைய −20 அப்படியே நிற்கும்.

ஸ்பாட் எலிவேஷன்தான் ரெவிட் இந்த வேலைக்கு உண்மையாகக் கொடுத்திருக்கும் கருவி, அது அருமையான கருவி. அனோடேட் டேபில் இருக்கிறது. பிளானில் தரைமேல் வைத்துக் க்ளிக் செய்தால் அந்தப் பரப்பின் உயரத்தை மாடலிலிருந்தே படிக்கும். தரையை ஏற்றினால் எண் ஏறும், இறக்கினால் இறங்கும், சரிவான தரையில் நகர்த்திக்கொண்டே போனால் எண் மாறிக்கொண்டே வரும். எதை வைத்து அளப்பது என்பதையும் தேர்ந்தெடுக்கலாம்: புராஜெக்ட் பேஸ் பாயின்ட்டிலிருந்து (கட்டடத்தின் தொடக்கப் புள்ளி), சர்வே பாயின்ட்டிலிருந்து (நில அளவையின் புள்ளி), அல்லது குறிப்பிட்ட ஒரு லெவலிலிருந்து. நிலத்தின் உண்மையான உயரம் வேண்டும் என்கிற சிவில் ஆட்களுக்கு ஒரு டைப், அந்தந்த மாடியிலிருந்து எவ்வளவு என்று கேட்கிற டைல்ஸ் ஆட்களுக்கு இன்னொரு டைப் என்று இரண்டு செய்து வைத்துக்கொண்டால் வேலை சுலபம். எண்ணுக்கு முன்னால் எஃப்எஃப்எல் (முடிந்த தரை மட்டம்) என்று எழுத்து வைக்கலாம், நேர் எண்ணுக்கு + குறி வரும்படி ஃபார்மேட்டில் டிக் செய்யலாம். லீடரை (எண்ணிலிருந்து புள்ளிக்குப் போகும் கோடு) எடுத்துவிட்டு, சிம்பலும் வேண்டாம் என்று வைத்து, அறைப் பெயருக்குச் சரியாகக் கீழே நிறுத்தினால் பார்க்கிறவருக்கு இரண்டும் ஒரே டேக் மாதிரிதான் தெரியும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த குணம் ஒன்று உண்டு. அது ஒட்டியிருக்கும் தரையை அழித்துவிட்டுப் புதிதாக வரைந்தால், ஸ்பாட் எலிவேஷனும் சேர்ந்து போய்விடும். பலர் இதைக் குறையாகச் சொல்கிறார்கள். நான் நேர்மாறாக நினைக்கிறேன். காணாமல் போன எண்ணை ஷீட் பார்க்கிற யாரும் கவனித்துவிடுவார்கள். தப்பான எண்ணை யாரும் கவனிக்க மாட்டார்கள், கான்கிரீட் போட்ட பிறகுதான் தெரியும்.

அப்புறம் ஏன் பாதி மதிப்பெண் என்றால், இது அந்தந்த வியூவுக்கு, அதாவது அந்தந்தப் பிளானுக்கு, மட்டுமே சொந்தம். ஜெனரல் பிளானில் வைத்தது ஃப்ளோரிங் பிளானில் வராது, அங்கே தனியாக வைக்க வேண்டும், பெரிய ஸ்கேலில் போடும் பிளானுக்கு மறுபடி. டிபென்டன்ட் வியூவாக (மூல வியூவின் குறிப்புகளையே காட்டும் நகல்) எடுத்திருந்தால் மட்டும் தப்பிக்கலாம். அறைக்கு டேக் வைக்க டேக் ஆல் என்று ஒரே பொத்தான் இருக்கிறது, மாடி முழுக்க நொடியில் டேக் விழுந்துவிடும். ஸ்பாட் எலிவேஷனுக்கு அப்படி எதுவும் கிடையாது, நூற்றுக்கணக்கான அறை உள்ள ஆஸ்பத்திரியாக இருந்தாலும் ஒவ்வொன்றாகக் க்ளிக் செய்துதான் ஆக வேண்டும். ரூம் டேக்கைக் கொஞ்சம் தள்ளி வைத்தால் லெவல் எண் கூட வராது, பழைய இடத்திலேயே தனியாக நிற்கும். இன்னொன்று, அது க்ளிக் செய்த இடத்தில் எது மேலே தெரிகிறதோ அதைப் படிக்கிறது. ஸ்லாப் ஒரு எலிமென்டாகவும் அதன்மேல் டைல்ஸ் படுகை இன்னொரு எலிமென்டாகவும் மாடல் செய்திருந்து, இந்த வியூவில் டைல்ஸ் படுகையை மறைத்து வைத்திருந்தால் வருவது ஸ்லாப் லெவல். எழுத்து மட்டும் எஃப்எஃப்எல் என்றே சொல்லும். முடிந்த தரை மட்டமும் ஸ்லாப் மட்டமும் குழம்புவது சின்ன விஷயம் இல்லை, அதனால் ஸ்பாட் எலிவேஷன் வைப்பதற்கு முன்னால் வியூவில் எது ஆன், எது ஆஃப் என்று பார்த்துவிடுங்கள்.

டேக்குக்குள்ளேயே எண் வர வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால் இருக்கிற வழி ஷேர்டு பாராமீட்டர், அதாவது புராஜெக்ட்டும் டேக் ஃபேமிலியும் பொதுவாகப் படிக்கும் ஒரு கட்டம். ஷேர்டு பாராமீட்டர் ஃபைலில் ஒன்று உருவாக்கி, புராஜெக்ட்டில் ரூம்ஸ் கேட்டகரிக்குச் சேர்த்து, ரூம் டேக் ஃபேமிலியைத் திறந்து லேபிளில் அதே பாராமீட்டரை வைத்து, திரும்ப லோட் செய்தால் முடிந்தது. ஷேர்டாக இல்லாத சாதாரண புராஜெக்ட் பாராமீட்டரை டேக் காட்டாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள், புதிதாக வருகிறவர்கள் நேரம் தொலைப்பது இங்கேதான். வகை நீளமா எழுத்தா என்று ஒரு கேள்வி வரும். நான் எழுத்து வகை என்பேன். + குறியோடு வேண்டியபடி எழுதலாம் என்பது ஒன்று. ஒரே மாதிரி வீடுகளை குரூப்பாக மாடிதோறும் வைத்திருக்கும்போது ஒவ்வொரு குரூப்பிலும் மதிப்பு வேறுபடலாம் என்கிற தேர்வு எழுத்து வகைக்குக் கிடைக்கும் என்பது இன்னொன்று. அந்தத் தேர்வை விட்டுவிட்டால் மூன்றாம் மாடியின் லெவலை மாற்றும்போது முதல் மாடியும் சேர்ந்து மாறிவிடும்.

இதையெல்லாம் செய்துவிட்டு எண்ணைக் கையால் தட்டுவது என்றால், தயவு செய்து அந்த வேலையே வேண்டாம். பிளானில் கையால் எழுதிய லெவல் வெறும் குறிப்பு, அதற்கும் மாடலுக்கும் ஒட்டுறவே இல்லை. தரை மாறும், எண் மாறாது, டேக் அழகாக அச்சாகி வரும். எழுதுகிறவர் எவ்வளவு கவனமானவர் என்பது இதில் விஷயமே இல்லை. ஸ்ட்ரக்சரல் டீம் ஒரு பக்கம் ஸ்லாபை இறக்கும்போது கையால் தட்டிய எண்ணை மாற்ற எந்த ஏற்பாடும் இல்லை என்பதுதான் பிரச்சினை.

அதனால்தான் டைனமோ, அதாவது நோடு எனும் சின்னக் கட்டங்களை இணைத்து ரெவிட் வேலைகளைத் தானாகச் செய்ய வைக்கும் கருவி. இப்போது ரெவிட்டோடு சேர்ந்தே வருகிறது, தனியாகக் காசு இல்லை. யோசனை எளிமையானது: எல்லா அறைகளையும் எடு, ஒவ்வொன்றின் லொக்கேஷன் புள்ளியிலிருந்து நேர் கீழே ஒரு கதிரை விடு, அது எந்தத் தரையில் போய் மோதுகிறதோ அந்த உயரத்தை அறையின் பாராமீட்டரில் எழுது. கதிர் விடுவதற்கு ரேபவுன்ஸ் என்ற நோடு இருக்கிறது, எழுதுவதற்கு செட் பாராமீட்டர் பை நேம். நோடுகளை இணைத்த வரைபடம், அதாவது கிராஃப், மொத்தமும் ஒரே திரைக்குள் அடங்கிவிடும். ஆனால் விவரம் முழுக்க ஓரங்களில் இருக்கிறது. அறையின் லொக்கேஷன் புள்ளி லெவலின் உயரத்திலேயே இருக்கும், தரையின் மேல்பரப்பும் பல அறைகளில் அதே உயரம்தான், அங்கிருந்து கீழே கதிர் விட்டால் தரையின் மேல்பரப்பைத் தவறவிட்டுக் கீழ்ப்பரப்பில் மோத வாய்ப்பு உண்டு. புள்ளியை ஒரு மீட்டர் உயர்த்திவிட்டு அங்கிருந்து விடுங்கள். உயர்த்தினால் அடுத்த சிக்கல், நடுவில் மேசையோ கட்டிலோ இருந்தால் கதிர் அதில் மோதி படுக்கையறையின் தரை லெவலைக் கட்டில் உயரத்துக்குச் சொல்லும். ரேபவுன்ஸ் ஒரு 3டி வியூவை வாங்கிக்கொள்ளும், அந்த வியூவில் தெரிவதில்தான் மோதும். ஆகவே தரைகள் மட்டும் தெரிகிற ஒரு 3டி வியூவை இதற்கென்றே தனியாக வைத்து, யாரும் தொடாத மாதிரி பெயர் கொடுத்துவிடுங்கள்.

டைனமோவின் பைத்தான் நோடில் நிரல் எழுதுகிறவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. ரெவிட் உள்ளுக்குள் நீளத்தை எப்போதும் அடி (ஃபீட்) கணக்கில்தான் வைத்திருக்கிறது, புராஜெக்ட் மீட்டரில் இருந்தாலும் சரி. மாற்றாமல் எழுதினால் 0.450 மீட்டர் என்பது 1.476 என்று டேக்கில் வரும். அதே நேரம் உள்ளுக்குள் வரும் உயரம் இன்டர்னல் ஆரிஜினிலிருந்து (ரெவிட்டின் நகராத மையப் புள்ளி) அளந்தது, சர்வே உயரம் வேண்டுமென்றால் வித்தியாசத்தை நாம்தான் கூட்ட வேண்டும். பட்டியலில் இருந்தும் பிளானில் எங்கும் வைக்கப்படாத அறைகளுக்கு லொக்கேஷனே இருக்காது, பரப்பு பூஜ்யமாக உள்ளவற்றை முதலிலேயே வடிகட்டிவிடுங்கள். தரைகள் லிங்க் செய்த ஸ்ட்ரக்சரல் ஃபைலில் இருந்தால் ஏபிஐயில் (நிரல் வழியாக ரெவிட்டை இயக்கும் வசதி) ரெஃபரன்ஸ் இன்டர்செக்டரை எடுத்து, லிங்குக்குள்ளும் தேடச் சொல்லும் தேர்வை ஆன் செய்ய வேண்டும்.

டைனமோ நன்றாக வேலை செய்கிறது, சந்தேகமே இல்லை. ஆனாலும் இது ஓட்டும்போது மட்டும்தான் உண்மை. ஓட்டி முடித்த அடுத்த நிமிடம் யாராவது தரையை நகர்த்தினால் டேக் பழைய எண்ணைத்தான் காட்டும். ஆகவே ஷீட் பிரின்ட் போடுவதற்கு முன்னால் கட்டாயம் ஓட்டுவது என்று அலுவலகத்தில் விதி வைத்தால்தான் இந்த வழி நிற்கும்.

எந்த வழியில் போனாலும் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது, அதைப் பற்றி யாரும் போதுமான அளவு பேசுவதில்லை. ஒரு அறைக்கு ஒரே லெவல்தானா? குளியலறைத் தரை வடிகாலை நோக்கிச் சரிகிறது. ஹாலில் ஒரு பகுதி இரண்டு படி இறங்கியிருக்கிறது. அரங்கத்தில் ஒவ்வொரு வரிசையும் ஒரு உயரம். டேக்கில் ஒரு எண்தான் வரும் என்றால் எந்த எண்? மாடல்களைப் பரிமாறிக்கொள்ளும் ஐஎஃப்சி வடிவத்தைப் பார்த்தால், ஸ்பேஸுக்கு எலிவேஷன் வித் ஃப்ளோரிங் என்று இதற்கென்றே ஒரு பண்பு வைத்திருக்கிறார்கள், தரை சரிவாகவோ படியாகவோ இருந்தால் சராசரியை எடுக்கச் சொல்கிறது. பரிமாற்றத்துக்கு அது சரி. சைட்டுக்கு அது உதவாது. டைல்ஸ் போடுகிறவருக்கு வேண்டியது வாசற்படியில் என்ன லெவல், வடிகால் வாயில் என்ன லெவல், இந்த இரண்டும்தான். சராசரி என்பது அந்த அறையில் எங்கே இருக்கிறது என்று அவரால் காட்டக்கூட முடியாது. டைனமோ கதிர் விடும் இடமோ அறைக்குள் லொக்கேஷன் புள்ளி தற்செயலாக விழுந்த இடம். அதனால் சரிவும் படியும் உள்ள அறைகளில் டேக் எண்ணை எடுத்துவிட்டு ஸ்பாட் எலிவேஷன் இரண்டு மூன்று வையுங்கள். அறையை ரூம் செபரேஷன் கோட்டால் வெட்டி ஆளுக்கொரு லெவல் கொடுக்கலாம் என்று சிலர் சொல்வார்கள், பிறகு பரப்பும் அறை எண்ணிக்கையும் ஷெட்யூலில் சிதறும்போது அதற்கு வேறு வைத்தியம் பார்க்க வேண்டியிருக்கும்.

மற்ற மென்பொருள்கள் பரவாயில்லையா என்று கேட்டால், ஆர்க்கிகேட் இதில் ஒரு படி மேலே. அங்கே அறைக்குச் சோன் என்று பெயர், லேபிளுக்குச் சோன் ஸ்டாம்ப், அந்த ஸ்டாம்ப் ஜிடிஎல் மொழியில் எழுதிய பொருள் என்பதால் உள்ளே போய் மாற்றத் தெரிந்தவருக்கு நிறைய இடம் இருக்கிறது. சோனின் அடிமட்ட உயரத்தைப் படிக்க முடியும், 22-ஆம் பதிப்பில் வந்த எக்ஸ்பிரஷன் (சூத்திரம்) வசதியால் அதில் கூட்டிக் கழித்து ஒரு பிராப்பர்ட்டியாக்கி லேபிளில் காட்டலாம், ஸ்கிரிப்ட் எதையும் ஓட்ட வேண்டாம். ஆனால் அங்கும் சோன் தன் உயரத்தைத் தானாக ஸ்லாபிடம் கேட்டுக்கொள்வதில்லை, நாம் கொடுத்ததைத்தான் வைத்திருக்கும். இலவசமான ஃப்ரீகேட், 2024 நவம்பரில் 1.0 பதிப்போடு பிம் வொர்க்பெஞ்சையும் (கட்டட மாடலுக்கான கருவித்தொகுப்பு) உள்ளேயே சேர்த்துக்கொண்டது. அதன் ஸ்பேஸ் லேபிளில் டாலர் குறி போட்டு எந்தப் பிராப்பர்ட்டியின் பெயரை எழுதினாலும் அதன் மதிப்பு வரும், அந்தப் பிராப்பர்ட்டியை எக்ஸ்பிரஷன் மூலம் ஸ்லாபின் உயரத்தோடே கட்டிவிடலாம். ஸ்லாப் நகர்ந்தால், மாடலைப் புதுப்பித்ததும் லேபிள் மாறுகிறது. ஒவ்வொரு அறைக்கும் நாமே கட்ட வேண்டும், பெரிய கட்டடத்துக்கு நான் அதை நம்பி இறங்க மாட்டேன், ஆனாலும் நான் கேட்கிற அந்த இணைப்பு இருப்பது அங்கேதான், அதைச் சொல்லாமல் விட மனசு வரவில்லை.

சின்ன வீடு, கொஞ்சம் அறைகள் என்றால் ஸ்பாட் எலிவேஷனோடு நிறுத்திக்கொள்ளுங்கள், பாராமீட்டர் பக்கமே போகாதீர்கள். அறைகள் நூறைத் தாண்டினால் ஷேர்டு பாராமீட்டரும் டைனமோவும் வேண்டும், அப்போது ஒரு வேலை கூடுதலாகச் செய்யுங்கள். பிளானை டூப்ளிகேட் செய்து, அதில் கலர் ஸ்கீம் போட்டு, நிறத்தைத் தீர்மானிக்க அறைப் பெயருக்குப் பதில் உங்கள் லெவல் பாராமீட்டரைக் கொடுங்கள். ஒவ்வொரு லெவலும் ஒரு நிறமாகிவிடும். ஒரே நிறத்தில் ஓட வேண்டிய காரிடாரில் ஒரு துண்டு மட்டும் வேறு நிறத்தில் இருந்தால், குளியலறைகள் எல்லாம் நீலமாக இருக்கும்போது ஒன்று மட்டும் படுக்கையறையின் நிறத்தில் இருந்தால், கண்ணில் உடனே படும். அந்த அறையில் ஒரு ஸ்பாட் எலிவேஷனை வைத்துப் பார்த்து, இரண்டு எண்ணும் ஒத்துப் போகிறதா என்று சரிபார்த்த பிறகு ஷீட்டை அனுப்புங்கள்.